ஜெபிக்க முடியாதவருக்கு நாலு பேர் குழு: எப்படி அமைப்பது, எங்கே உடைகிறது?

#1 கிணற்றடி

கேள்வியை நேராகவே கேட்டுவிடுகிறேன். சபைக்கு ஒழுங்காக வருகிற ஒருவர், "ஜெபிக்க உட்கார்ந்தா வார்த்தை வரல, வேதத்தைத் திறந்தா எழுத்து மட்டும்தான் தெரியுது, ஆண்டவர் கேட்கிறாரான்னே சந்தேகமாயிருக்கு" என்கிறார். இதைக் கேட்டதும் நம் சபைகளில் வழக்கமாக என்ன செய்கிறோம்? வாட்ஸ்அப் குழுவில் பெயரோடு ஜெபக் குறிப்பு போடுகிறோம். நாற்பது பேர் கைகூப்பும் படம் அனுப்புகிறார்கள். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் ஆளை முன்னால் கூப்பிட்டு முழங்காலில் நிறுத்தி, தலையில் ஏழெட்டுப் பேர் கைவைத்துச் சத்தமாக ஜெபிக்கிறோம். மூன்றாம் வாரம் அவர் வருவதில்லை.

இதற்குப் பதிலாக மூன்று நான்கு பேர் கூடித் தாங்குகிற சின்னக் குழு அமைப்பது பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எத்தனை பேர், எத்தனை நிமிடம், எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது, எப்போது நிறுத்துவது? "விசுவாசமாய் ஜெபியுங்கள் பிரதர்" என்ற பதிலுக்கு முன்கூட்டியே நன்றி.

#2 பழைய_மெதடிஸ்ட்

இதற்கு எழுதப்பட்ட விதிமுறையே இருக்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 டிசம்பர் 25 அன்று 'பேண்ட்' எனப்பட்ட சிறு குழுக்களுக்கு விதிகள் வகுத்தார். நோக்கம் யாக்கோபு 5:16: "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்." வாரம் ஒருமுறையாவது கூட வேண்டும். குறித்த மணிக்கு வர வேண்டும், குறித்த மணிக்கே பாட்டோ ஜெபமோ தொடங்கிவிட வேண்டும், ஆளுக்கு ஆள் காத்திருக்கக் கூடாது. கடந்த கூட்டத்துக்குப் பிறகு விழுந்ததையும் சோதிக்கப்பட்டதையும் ஒவ்வொருவரும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முடிவில் அவரவர் நிலைமைக்கு ஏற்ற ஜெபம்.

பலர் கவனிக்காத விதி ஒன்று உண்டு. கேள்வி கேட்கப் போகிறவர் முதலில் தன் நிலைமையைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் தலைகீழ். நடத்துகிறவர் பரிசுத்தவானாக உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் வாக்குமூலம் கொடுப்பார்கள்.

வாரந்தோறும் கேட்ட கேள்விகளின் சாரம் இது: தெரிந்தே செய்த பாவம் என்ன? என்ன சோதனை வந்தது? அதிலிருந்து எப்படித் தப்பினீர்கள்? பாவமா இல்லையா என்று சந்தேகமாயிருக்கிற காரியம் எது? ஐந்தாவதாக, மறைத்து வைக்க விரும்புவது ஏதும் உண்டா? இந்த ஐந்தாவது, பிந்திய பதிப்புகளில் இல்லை.

பேண்ட் வேறு, 'கிளாஸ்' வேறு. கிளாஸ் 1742 பிப்ரவரியில் பிரிஸ்டலில் கட்டடக் கடன் அடைக்க வந்த ஏற்பாடு: பன்னிரண்டு பேருக்கு ஒரு பொறுப்பாளர், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி. காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள் வீட்டு நிலைமையைப் பார்த்தார்கள், காசுக் கணக்கு மேய்ப்புப் பணியாக மாறிப்போனது. பேண்ட் அதைவிடச் சிறியது. ஆண்கள் தனி, பெண்கள் தனி. மணமானவர் தனி, ஆகாதவர் தனி. உங்களுக்கு வேண்டியது பேண்ட்.

#3 சூரைச்செடி

மெதடிஸ்ட் ஐயா சொன்னதை இன்றைக்கு நடத்துகிற மாதிரி இறக்கி வைக்கிறேன்.

நான்கு பேர். மூன்று பேர் என்றால் ஒருவர் வராத வாரம் இரண்டாகிவிடும். ஐந்தைத் தாண்டினால் கூட்டமாகிவிடும், ஒருவர் பேசாமலே தப்பிக்கலாம். ஒரே பாலினம். போதகர், அவர் மனைவி, பெற்றோர், மேலதிகாரி, கடன் கொடுத்தவர் யாரும் வேண்டாம். அதிகாரம் உள்ளவர் முன்னால் யாரும் உண்மை பேச மாட்டார்கள். பேசினாலும் பிற்பாடு அதை நினைத்து நெளிவார்கள்.

எழுபத்தைந்து நிமிடம். முதல் ஐந்தில் ஒரு சங்கீதம், கொஞ்சம் மௌனம். பிறகு ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் பேச்சு, அதை ஒட்டியே நான்கு நிமிடம் அவருக்காக ஜெபம். எல்லாரும் பேசி முடித்த பிறகு மொத்தமாக ஜெபிக்கலாம் என்று வைத்தால் முதலில் பேசியவர் சொன்னது மறந்திருக்கும், கடைசி ஜெபம் "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்று கரைந்துவிடும். நான்கு பதினாறு அறுபத்துநாலு, ஐந்து சேர்த்து அறுபத்தொன்பது. மீதி ஆறு நிமிடம் அடுத்த வாரத்துக்கான பேச்சுக்கு.

போராட்டத்தில் இருப்பவரை முதலில் பேச விடாதீர்கள், கடைசியிலும் வேண்டாம். இரண்டாவது அல்லது மூன்றாவது. அவருக்காகவே கூடினது போலத் தெரிந்தால் நோயாளியைச் சுற்றி உட்கார்ந்த உறவினர் கூட்டம் மாதிரி ஆகிவிடும். நான்கு பேருமே பேச வேண்டும், நான்கு பேருக்குமே ஜெபம்.

ஒருவர் பேசும்போது அனுமதி ஒரே வகைக் கேள்விக்குத்தான்: "இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல முடியுமா?" ஆலோசனை, வசனம், "எனக்கும் இப்படித்தான்" மூன்றும் கிடையாது. அந்த மூன்றாவதுதான் அதிகம் கெடுப்பது. பேச்சு கைமாறிவிடும்.

அடுத்தது ஜெபிக்கும் விதம். கண்ணை மூடிக்கொண்டு பிரசங்கம் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். "ஆண்டவரே, இந்தத் தம்பி வேதவாசிப்பில் அசதியாய்ப் போனதினாலே..." என்று ஆரம்பித்தால் அது தம்பிக்குச் சொல்வது, ஆண்டவருக்கு அல்ல. அவர் சொன்ன வார்த்தையையே எடுத்து வையுங்கள்: "ஆண்டவரே, வார்த்தை வரவில்லை என்கிறார். இவருக்காக நாங்கள் சொல்கிறோம்." இரண்டு வாக்கியம் போதும். மீதி மௌனமாக இருக்கலாம்.

#4 ஊக்கமான_வேண்டுதல்

பிரதர்ஸ், கணக்கெல்லாம் சரிதான். ஆனால் ஜெப வல்லமையையே கடிகாரத்துக்குள் அடைத்துவிட்டீர்கள். ஜெர்மனியில் மொரேவிய அகதிகள் குடியேறிய ஹெர்ன்ஹூட் ஊர் நினைவில்லையா? 1727 ஆகஸ்ட் 13-ல் ஆரம்பித்த இடைவிடாத ஜெபம் நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. சபை முழுக்கச் சேர்ந்து கதறினால்தான் கட்டு அறுபடும். நாலு பேர் அறைக்குள் பேசிக்கொண்டிருப்பது கவுன்சிலிங்.

#5 பழைய_மெதடிஸ்ட்

பிரதர், நல்ல இடத்தைத் தொட்டீர்கள், ஆனால் தேதி வேறு. ஆகஸ்ட் 13 என்பது பெர்தெல்ஸ்டார்ஃப் ஆலயத்தில் நடந்த நற்கருணை. மணிக்கணக்கு ஜெபம் ஆகஸ்ட் 27-ல். 24 ஆண்களும் 24 பெண்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். கவனியுங்கள்: அவரவர் தனித்தனியாகத் தன் மணி நேரத்தைக் காத்தார்கள். ஒரே கூடத்தில் கூடிக் கதறிய கூட்டம் இல்லை அது.

அதற்கு முன்னால் நடந்தது முக்கியம். அந்த ஊரில் அகதிகளுக்குள் பயங்கரச் சண்டை. அதைத் தீர்க்க மே 12-ல் சகோதர உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். பகை தீர்ந்தது, பந்தி வந்தது, பிறகுதான் இரவும் பகலும் ஜெபம். நாம் நேராக மூன்றாவதுக்குப் போகிறோம். இரண்டு பாடகர் குழுவுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது, ஆனால் 24 மணி நேர சங்கிலி ஜெபத்துக்கு அட்டவணை மட்டும் ஒட்டியாகிவிட்டது!

சின்னக் குழுவும் அவர்களிடம் இருந்தது. வெஸ்லி அவர்களைப் பார்த்துத்தான் பேண்டுக்கு வந்தார். அந்த மொரேவியர்கள் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கே வந்து குடியேறினார்கள் என்பது உபரித் தகவல்.

#6 செபமாலை_தோமா

நான் கத்தோலிக்கன், 'செபம்' என்றே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிணற்றடி சொல்லும் நிலைமைக்கு எங்கள் பக்கம் பழைய பெயர் உண்டு. நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத் துறவி எவாக்ரியுஸ் அதை 'அக்கேதியா' என்றார். முற்பகல் பத்து மணிவாக்கில் ஆரம்பித்து மதியம் இரண்டு வரை அழுத்தும். சூரியன் நகராதது போலிருக்கும், ஒரு நாள் ஐம்பது மணி நேரம் போல நீளும், துறவி சன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். கிரேக்கத் திருப்பாடலில் வரும் 'நண்பகல் பேய்' என்ற பெயரை இதற்கு வைத்தார்கள். உங்கள் வேதாகமத்தில் சங்கீதம் 91:6 "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்" என்று இருக்கிறது. இந்த விவாதத்துக்கு வேண்டியது எவாக்ரியுஸ் அடுத்து எழுதுவதுதான்: சகோதரர்களிடம் அன்பு அற்றுப்போயிற்று, உன்னைத் தேற்ற ஒருவரும் இல்லை என்ற எண்ணத்தையும் அதே பேய் கொண்டுவரும் என்கிறார். அதனால் "யாரிடமும் சொல்லப் பிடிக்கவில்லை" என்று அவர் சொன்னால் அதைத் தனிப் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள். நோயின் பாதி அதுதான்.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் இதையே விதியாக்குகிறார். திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-ல் ஒப்புதல் கொடுத்த நூல் அது. முதல் வாரத்துக்கான பதினான்கு விதிகளில் ஐந்தாவது: ஆறுதலற்ற நிலையில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. பதின்மூன்றாவது: எதிரி கள்ளக் காதலன் போல, தன் பேச்சு வெளியே தெரியக் கூடாது என்று விரும்புவான், நல்ல ஆன்ம குருவிடம் அதைச் சொல்லிவிட்டால் அவன் வேலை அங்கேயே கெட்டுவிடும்.

நடைமுறையில், குழுவில் உள்ளவர் "ஊழியத்தை விட்டுவிடப் போகிறேன்", "நிச்சயதார்த்தத்தை நிறுத்தப் போகிறேன்" என்றால் வாதாடாதீர்கள். "எட்டு வாரம் கழித்து முடிவெடுங்கள், அதுவரை அப்படியே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். ஆளுக்கு ஆபத்தான இடமென்றால் இந்த விதி பொருந்தாது. அடிக்கிற வீட்டில் எட்டு வாரம் காத்திரு என்று சொல்லிவிடாதீர்கள்.

#7 மருந்துச்சீட்டு

ஆஸ்பத்திரிப் பக்கம் வேலை என்பதால் நான் கொஞ்சம் கறாராகப் பேசுகிறேன்.

வறட்சியும் மனச்சோர்வு நோயும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். ஜெபத்தில் மட்டும் ருசியில்லை, ஆனால் சாப்பாடு, தூக்கம், வேலை, கிரிக்கெட் எல்லாம் ஓடுகிறதென்றால் ஒன்று. எதிலுமே ருசியில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறார், எடை குறைகிறது, குற்ற உணர்வு விடமாட்டேன் என்கிறது, இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதென்றால் மருத்துவரிடம் போக வேண்டும். குழுவும் தொடரட்டும். இரண்டும் சேர்ந்தேதான்.

முழு இரவு ஜெபம்: இருமுனைக் கோளாறு (பைபோலார்) உள்ளவருக்கு ஒரே ஒரு இரவுத் தூக்கம் போனாலே மனம் எகிறிவிடக்கூடும். "அபிஷேகம் இறங்கியது" என்று சபை நினைத்துக்கொண்டிருக்கும். அவரை இரவு பத்து மணிக்குள் வீட்டுக்கு அனுப்புங்கள்.

உபவாசம்: இன்சுலின் போடுகிறவர், கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர், கர்ப்பிணி, சாப்பாட்டுக் கோளாறு இருந்தவர், இவர்களெல்லாம் வேளை தவறவிடக் கூடாது. சர்க்கரை இறங்கி வியர்த்து நடுங்கினால் அது ஆவியின் அசைவு இல்லை. மற்றவர்கள் காலை ஒரு வேளை விட்டு, தண்ணீர் குடித்து, மதியம் சாப்பிட்டால் போதும். சோர்ந்து கிடப்பவரை உபவாசிக்கச் சொல்லவே கூடாது. எலியா சூரைச்செடியின் கீழ் சாக விரும்பினபோது தூதன் என்ன செய்தான்? தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட வைத்து, தூங்க விட்டு, மறுபடி சாப்பிட வைத்தான். கேள்வி பிறகு ஓரேபில்தான்.

மாத்திரை: "விசுவாசத்தினாலே நிறுத்திவிட்டேன்" என்று சாட்சி சொல்ல மேடை கொடுக்காதீர்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும். டக்கென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, பதற்றம் வரும். பிற்பாடு நோயே திரும்பும்.

சாக வேண்டும் போலிருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் அன்றைக்கு ஆளைத் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்தோ மாத்திரைகளோ வீட்டில் எட்டும் இடத்தில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். "போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று மறைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது.

#8 ஊக்கமான_வேண்டுதல்

சிஸ்டர், உபவாசம் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் அதிகம் பேர் ஜெபித்தால் அதிக பலன் என்பதையாவது விடாதீர்கள்.

#9 மருந்துச்சீட்டு

அதை அளந்து பார்த்திருக்கிறார்கள் அண்ணா. 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வு, இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேர். முகம் தெரியாதவர்கள் ஜெபித்தார்கள். தங்களுக்காக ஜெபிக்கிறார்களா என்று நிச்சயம் தெரியாத இரண்டு குழுவில், ஜெபிக்கப்பட்டதில் சிக்கல் வந்தவர்கள் 52 சதவீதம், ஜெபிக்கப்படாததில் 51. "உங்களுக்காக ஜெபிக்கிறார்கள்" என்று உறுதியாகச் சொல்லப்பட்ட குழுவில் 59. கடவுளை ஆய்வுக்கூடத்தில் வைக்க முடியாது என்பீர்கள், நானும் அதையேதான் சொல்வேன். அந்த 59 தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். ஆனால் "எனக்காக இத்தனை பேரா, அவ்வளவு மோசமா என் நிலைமை?" என்று படுத்திருப்பவர் நினைப்பார் என்பதை நாற்பது கைகூப்பு அனுப்புமுன் யோசிக்கலாம். மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனைச் சுமந்தது நாலு பேர். வாசலை அடைத்துக்கொண்டு நின்றதுதான் கூட்டம்.

#10 வடக்குத்தெரு

இதுவரை எல்லாரும் ஜெயித்த கதையாகவே பேசுகிறீர்கள். வில்லியம் கூப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலக் கவிஞர், இங்கிலாந்தின் ஓல்னி ஊரில் போதகர் ஜான் நியூட்டனின் அண்டை வீட்டுக்காரர். இருவரும் சேர்ந்து பாமாலைகள் எழுதினவர்கள். 1773 தொடக்கத்தில் கூப்பருக்கு மனம் உடைந்தது. தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற உறுதி அவருக்கு வந்துவிட்டது. நியூட்டன் அவரைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார், ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு மேல். ஜெபித்தார், கூட நடந்தார். முன்னொரு தடவை கூப்பரைக் குணமாக்கிய செயின்ட் ஆல்பன்ஸ் மருத்துவர் காட்டனின் யோசனையும் கேட்கப்பட்டது. கூப்பர் அதன் பிறகு கோயிலுக்குத் திரும்பவே இல்லை. 1800-ல் இறக்கும்வரை தான் தள்ளப்பட்டவன் என்றே நம்பினார்.

தோல்விதானே என்பீர்கள். அந்த இருபத்தேழு வருஷத்தில் தோட்டம் போட்டார், முயல் வளர்த்தார், தன் மிகச் சிறந்த கவிதைகளை எழுதினார். நியூட்டன் 1780-ல் லண்டனுக்கு மாற்றலாகிப் போன பிறகும் கடிதம் நிற்கவில்லை. குழு ஆரம்பிக்கிறவர்கள் இதற்கும் தயாராயிருக்க வேண்டும். நாலு பேர் ஜெபித்தும் அவர் ஜெபிக்க ஆரம்பிக்காமலே போகலாம்.

#11 கிணற்றடி

வடக்குத்தெரு அண்ணாச்சி, இது வேண்டியிருந்தது. இரண்டு சந்தேகம். ஒன்று, ரகசியம் எவ்வளவு தூரம்? இரண்டு, எட்டு வாரம் என்று தோமா சொன்னார். அதுதான் குழுவின் ஆயுளுமா?

#12 சூரைச்செடி

ரகசியம்: மனைவியிடம் கூடச் சொல்லக் கூடாது, "பெயர் சொல்லாமல்" சொல்வதும் சொன்னதுதான். சின்ன ஊரில் மூன்று விவரம் போதும், ஆளைக் கண்டுபிடிக்க. ஜெபக் குறிப்பு எழுதி வைப்பதாக இருந்தால் ஒரு வரி, காகிதத்தில். வார முடிவில் கிழித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் இந்தக் குழுவுக்கு ஒரு குழு ஆரம்பிக்கவே வேண்டாம்.

ஆனால் விலக்கு இரண்டு உண்டு, அதை முதல் கூட்டத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். உயிராபத்து ஒன்று. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் இன்னொன்று. போக்சோ சட்டம் 19-வது பிரிவுப்படி தெரிந்தவர் யாராயிருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் 21-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. "அறிக்கையிட்டான், மன்னித்தோம்" என்று மூடி வைப்பது குற்றம்.

காலம்: எட்டு வாரத்தில் நிறுத்தி, ஒரு வாரம் விட்டு, தொடரலாமா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே கேளுங்கள். முடிவு தேதி இல்லாத குழு இரண்டு விதமாகக் கெடும். டீக்கடைப் பேச்சாகிவிடும், அல்லது ஒருவர் மற்றவர்கள் வாழ்க்கையை நடத்த ஆரம்பிப்பார். 1970-களில் அமெரிக்காவில் 'மேய்ப்பர் இயக்கம்' என்று வந்தது. கல்யாணம், வேலை, வீடு மாற்றம் எல்லாவற்றுக்கும் மேய்ப்பர் சம்மதம் கேட்கிற அளவுக்குப் போய்ப் பெரிய சர்ச்சையானது. வெஸ்லியின் ஐந்தாவது கேள்வியைத் தவறான கையில் கொடுத்தால் அங்கேதான் போய் நிற்கும்.

நடுவில் உள்ள ஆறு நாளுக்கு: மற்ற மூவரும் ஆளுக்கொரு வேளை, காலை ஐந்தரை, மதியம் ஒன்று, இரவு ஒன்பது, பத்துப் பத்து நிமிடம். போராடுகிறவருக்கு வேளை கிடையாது. "ஜெபிச்சீங்களா?" என்ற குறுஞ்செய்தி அவருக்குப் போகக் கூடாது. "இன்றைக்கு ஒரு மணிக்கு ஜெபித்தேன்" என்பது போகலாம், பதில் எதிர்பார்க்காமல்.

#13 பழைய_மெதடிஸ்ட்

ஒரு வேத விளக்கம், எல்லைக்கு உதவும். கலாத்தியர் 6:2 "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்கிறது, 6:5 "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்கிறது. தமிழில் இரண்டும் பாரம், அதனால் முரண்பாடு போலத் தெரியும். கிரேக்கத்தில் முன்னது 'பாரோஸ்', பின்னது 'போர்த்தியோன்'. மத்தேயு 11:30-ல் "என் சுமை இலகுவாயும் இருக்கிறது" என்ற இடத்தில் வருவது இந்த இரண்டாவது சொல். அழுத்துகிற பாரத்துக்கு மற்றவர் தோள் கொடுக்க வேண்டும், அவரவர் பங்குச் சுமையைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. அவருடைய ஈஎம்ஐ-யைக் குழு கட்ட ஆரம்பித்தால் அடுத்த மாதம் குழு இருக்காது. பணத்தேவை என்றால் சபையின் உதவி நிதிக்கு வழி காட்டுங்கள், குழுவுக்குள் கொடுக்கல் வாங்கல் வேண்டாம்.

#14 ஊக்கமான_வேண்டுதல்

சரி, ஒப்புக்கொள்கிறேன். கெத்செமனேயில் ஆண்டவரே பதினொரு பேரில் மூன்று பேரைத்தான் உள்ளே கூட்டிப் போனார். அவர்களும் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு. எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முன்னால் கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லிப் போதகரிடம் பேசிப் பார்க்கிறேன்.

#15 கிணற்றடி

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: முதல் வாரம் அவர் முறை வரும்போது ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை என்ன செய்வது?

#16 சூரைச்செடி

அப்படியே உட்காருங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ராப்பகலாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. வாய் திறந்த பிறகுதான் கெட்டது. நேரம் பார்க்கிற வேலையை ஒருவருக்கு மட்டும் கொடுங்கள், சுவர்க் கடிகாரத்தில், கைபேசியில் அல்ல. பன்னிரண்டு ஆனதும் 88-ஆம் சங்கீதத்தை ஒருவர் மெதுவாக வாசிக்கட்டும். அது துதியாக மாறாமலே முடிகிற சங்கீதம், அதனால் நீங்களும் அதற்கு முடிவு சேர்க்க வேண்டாம். வாசித்ததும் அடுத்தவர் முறை. டீ எழுபத்தைந்து நிமிடத்துக்குப் பிறகு.